டோரிஸக்காவும் தொண்ணூற்றெட்டு டிகிரியும்

2006 ஜூலையில் டோரிஸக்காவுக்குப் பள்ளி நிர்வாகம் கொடுத்த மெமோவை டைப் அடித்தவள் நான். ஆங்கிலத்தில் ஏழு வரி. அறிவியல் கூடத்துக்குத் தரமற்ற தெர்மாமீட்டர்களை வாங்கி, மாணவர்கள் தவறான அளவுகளை எழுதக் காரணமாக இருந்ததற்கு ஒரு வாரத்துக்குள் எழுத்து மூலம் விளக்கமும் வருத்தமும் தெரிவிக்க வேண்டும் என்று இருந்தது. பிரிண்ட் எடுத்து, சீல் வைத்து, நானே லேபுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

டோரிஸக்கா பீக்கர் கழுவிக்கொண்டிருந்தார். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினார். இரண்டு தடவை படித்தார்.

“புஷ்பா, தரமில்லைன்னு போட்டிருக்கே, அது தெர்மாமீட்டருக்கா, எனக்கா?”

“பிரின்சிபால் மேடம் சொன்னாங்க, அடிச்சேன்கா” என்றேன்.

“ஹவ், நீ என்ன பண்ணுவே” என்று சொல்லிவிட்டு, காகிதத்தை நாலாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு விட்ட இடத்திலிருந்து பீக்கரைக் கழுவ ஆரம்பித்தார்.

என் கணவருக்கு ஹைதராபாத் மாதாப்பூரில் சாஃப்ட்வேர் வேலை கிடைத்ததால் விருதுநகரிலிருந்து வந்தவள் நான். ஏ.எஸ்.ராவ் நகரில் இருந்த அந்தப் பள்ளி அலுவலகத்தில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. வந்த புதிதில் தெலுங்கும் தெரியாமல், இந்தியும் தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தபோது, “சாப்பிட்டியா?” என்று தமிழில் கேட்ட முதல் ஆள் டோரிஸக்காதான். அந்தத் தமிழே எனக்கு வினோதமாக இருந்தது. ஆமாம் என்பதற்கு ‘ஹவ்’ என்பார், வேண்டாம் என்பதற்கு ‘நக்கோ’ என்பார், ஏன் என்பதற்கு ‘கைக்கு’ என்பார். அவருடைய அப்பா ஹைதராபாத்தை ஒட்டிய போலாரத்தில் ராணுவக் கிடங்கில் குமாஸ்தாவாக இருந்தவர். அக்கா பிறந்தது, படித்தது, சர்ச்சில் கல்யாணம் செய்துகொண்டது எல்லாமே போலாரம்தான். தமிழ்நாட்டைக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் போய்ப் பார்த்ததோடு சரி.

இன்டர்மீடியட் முடித்ததும் பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி சேர விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாராம். அந்த வருஷம்தான் தேவசகாயம் அண்ணனைப் பேசி முடித்தார்கள். விண்ணப்பம் அப்படியே நின்றது. 1984-ல் இந்தப் பள்ளி ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மூன்று அறைகளாக இருந்தபோது லேப் அட்டெண்டராகச் சேர்ந்தார். மெமோ வந்தபோது இருபத்திரண்டு வருஷம் ஆகியிருந்தது. அதற்குள் பள்ளி நாலு மாடியாகி, கை மாறி, வாசலில் கம்ப்யூட்டர் படம் போட்ட பெரிய போர்டும் வந்துவிட்டது. பதவி மட்டும் அதேதான்.

லேபில் அவர் ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு செய்முறை உண்டு. பனிக்கட்டி உருகும்போது எத்தனை டிகிரி, தண்ணீர் கொதிக்கும்போது எத்தனை டிகிரி என்று பார்த்து எழுத வேண்டும். ஒவ்வொரு முறை அந்தச் செய்முறை நடக்கும்போதும் எந்தத் தெர்மாமீட்டர் என்ன காட்டியது என்று அக்கா நோட்டில் குறித்துவைப்பார். கெட்டுப்போன தெர்மாமீட்டரைக் கண்டுபிடிக்க ஆரம்பித்த பழக்கம் அது. இருபத்திரண்டு வருஷமும் பனிக்கட்டிக்கு நேரே பூஜ்யம். கொதிக்கும் தண்ணீருக்கு நேரே தொண்ணூற்றெட்டு. எங்காவது அதற்கு ஒரு நூல் மேலே, ஒரு நூல் கீழே. ஒரு பக்கத்தில்கூட நூறு கிடையாது.

பிள்ளைகள் தெர்மாமீட்டரில் தொண்ணூற்றெட்டைப் பார்த்துவிட்டு, ரெக்கார்டு நோட்டில் நூறு என்று எழுதுவார்கள். புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. வாத்தியார்களும் கண்டுகொண்டதில்லை. டோரிஸக்கா மட்டும் பெஞ்சு பெஞ்சாகப் போய், “பார்த்ததை எழுது, கண்ணா” என்பார். “ஆன்ட்டி, மார்க்கு போதுந்தி”, மார்க் போய்விடும் என்று தெலுங்கில் சொல்லிவிட்டுப் பிள்ளைகள் நூறையே எழுதும்.

அந்த ஜூனில்தான் சம்பந்தம் சார் சேர்ந்தார். நாகப்பட்டினத்துக்காரர். அங்கே ஒரு பள்ளியில் பன்னிரண்டு வருஷம் அறிவியல் எடுத்தவர். நல்ல மனிதர், வேலையில் கறார். முதல் செய்முறை வகுப்பில் பன்னிரண்டு பீக்கரிலும் தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, பன்னிரண்டு தெர்மாமீட்டரும் தொண்ணூற்றெட்டிலேயே நிற்கிறது. அவர் சர்வீஸில் அப்படிப் பார்த்ததே இல்லை. “எல்லாம் டூப்ளிகேட்டுங்க” என்று பிரின்சிபாலிடம் போய்ச் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் பள்ளி அங்கீகாரத்துக்கு இன்ஸ்பெக்‌ஷன் வர இருந்தது. பிரின்சிபால் லலிதாம்பாள் மேடத்துக்கு அந்தப் பயம். அதனால் மெமோ.

அன்று வீட்டில் தேவசகாயம் அண்ணன் சொன்னாராம்: “ஒரு கையெழுத்துதானே டோரிஸ். ஸாரின்னு எழுதிக் குடுத்துட்டுப் போ. பத்து வருஷம் சர்வீஸ் பாக்கி இருக்கு.”

“நக்கோ” என்றாராம் அக்கா. “கைக்கு எழுதணும்? நான் என்ன தப்பு பண்ணினேன்?”

மறுநாள் விளக்கம் வந்தது. முத்து முத்தான ஆங்கிலக் கையெழுத்தில் ஒரு பக்கம். தெர்மாமீட்டர்கள் சரியானவை. உருகும் பனிக்கட்டியில் பூஜ்யம் காட்டுகின்றன. இங்கே தண்ணீர் தொண்ணூற்றெட்டில்தான் கொதிக்கிறது. இருபத்திரண்டு வருஷமாக எழுதிவைத்திருக்கிறேன். இதில் என் தவறு எதுவும் இல்லை, ஆகவே வருத்தம் தெரிவிக்க இயலாது.

மேடம் அதைப் படித்ததும் அக்காவைக் கூப்பிட்டு அனுப்பினார். என் மேஜை அந்த அறையின் கதவோரத்தில்தான்.

“தண்ணி நூறுல கொதிக்கும்னு எல்.கே.ஜி. குழந்தைக்குக்கூடத் தெரியும், டோரிஸ்.”

“எனக்கும் தெரியும் மேடம். இந்தத் தண்ணிக்குத்தான் தெரியலை.”

நான் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். மேடம் சிரிக்கவில்லை. கோட்டி பஜாரில் அவருக்குத் தெரிந்த கடையிலிருந்து ஆறு புதுத் தெர்மாமீட்டர்களை வரவழைத்தார். சம்பந்தம் சார் முன்னால் பெட்டியைப் பிரித்து, சார் கையாலேயே வைத்துப் பார்த்தார்கள். தொண்ணூற்றெட்டு. ஆறும் தொண்ணூற்றெட்டு.

அதோடு விஷயம் முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை. தெர்மாமீட்டர் சரி என்றால் காய்ச்சுவதில் தப்பு, தீ போதவில்லை என்றார் மேடம். அக்கா ஒரு பீக்கருக்கு அடியில் இரண்டு பர்னர்களைச் சேர்த்து வைத்தார். தண்ணீர் குதித்து வெளியே தெறித்தது. ஜன்னல் கண்ணாடியிலெல்லாம் ஆவி படிந்தது. பத்து நிமிஷத்தில் பாதி பீக்கர் காலி. பாதரசம் இருந்த இடத்தை விட்டு அசையவில்லை.

“பாருங்க சார்” என்றார் அக்கா. “தீயைக் கூட்டினா சீக்கிரம் ஆவியாகுது. சூடு ஏற மாட்டேங்குது. நீங்கதானே பிள்ளைங்களுக்குச் சொல்றீங்க, கொதிக்க ஆரம்பிச்சா எல்லாம் ஆவியாகி முடியறவரைக்கும் ஒரே டிகிரிதான்னு?”

சம்பந்தம் சார் தலையாட்டினார். அன்று சாயங்காலம் அவர் லேபுக்குத் தனியாக வந்தார். நான் சாவி வாங்கப் போயிருந்தேன்.

“டோரிஸம்மா, தப்பா எடுத்துக்காதீங்க. மேடம் உங்களை மாத்திட்டு வேற ஆள் போடணும்னு பேசுறாங்க. இன்ஸ்பெக்‌ஷன் அன்னிக்கு மட்டும் ஒண்ணு செய்வோம். தண்ணியில ஒரு கைப்பிடி உப்பு போட்டா ரெண்டு டிகிரி ஏறும். நூறு காட்டும். யாருக்கும் தெரியாது.”

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை.

“உப்பு போட்டா அது தண்ணியா சார்? உப்புத்தண்ணி. நான் படிக்காதவ, எனக்கே இது தெரியுது. நீங்க வாத்தியார்.”

சார் முகம் கறுத்துப்போனது. திரும்பிப் போய்விட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து, ஊரிலிருந்து வந்திருந்த நாத்தனாரை ரயிலேற்ற அக்கா போலாரம் ஸ்டேஷனுக்குப் போனார். வண்டி தாமதம். பிளாட்பாரக் கோடியில் ஊர்ப் பெயர் எழுதிய மஞ்சள் போர்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். ஊர்ப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில், கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் உயரம் என்று ஒரு வரி இருக்கும். பிறந்ததிலிருந்து பார்த்த போர்டு. அன்றுதான் படித்தார். ஐந்நூற்றுச் சொச்சம் மீட்டர்.

வீட்டுக்கு வந்ததும் மகன் ரயானைப் பிடித்தார். அவன் ஹைடெக் சிட்டியில் வேலை பார்க்கிறவன். தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில்தான் வரும். மலை ஊர்களில் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும் என்று இன்டர்மீடியட்டில் படித்தது அக்காவுக்கு லேசாக நினைவிருந்தது. நம்ம ஊர் மலையா என்று கேட்டார். அவன் இன்டர்நெட்டில் தேடி, திங்கட்கிழமை ஆபீஸிலிருந்து ஒரு பக்கம் பிரிண்ட் எடுத்து வந்தான். உயரம் கூடக் கூட மேலே இருக்கும் காற்று குறைவு. தண்ணீரை அழுத்தும் காற்றின் பாரமும் குறைவு. பாரம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரமே ஆவியாகக் கிளம்பிவிடும். ஐந்நூற்றைம்பது மீட்டருக்கு நேரே தொண்ணூற்றெட்டு சொச்சம் போட்டிருந்தது. “ஸிம்பிள் மம்மி. யூ ஆர் ரைட்” என்றானாம்.

மேடத்துக்கு அது சிம்பிளாக இல்லை. “இன்டர்நெட்ல யார் வேணா எது வேணா போடலாம். இது சிம்லா, ஊட்டிக்குச் சொல்றது. ஹைதராபாத் என்ன மலையா? நான் மெட்ராஸ்லேர்ந்து இங்கே வந்து இருபது வருஷம் ஆச்சு, எங்கேயும் மலை ஏறலையே.” பிறகு குரலைத் தாழ்த்தி, “டோரிஸ், நீங்க அட்டெண்டர். அது ஞாபகம் இருக்கட்டும்” என்றார்.

அக்கா பிரிண்டைத் திரும்ப எடுத்துக்கொண்டார். “ஞாபகம் இருக்கு மேடம். அதனாலதான் இத்தனை வருஷமா தண்ணியைப் பார்த்துட்டிருக்கேன். வேற யாரும் பார்க்கலை.”

வெளியே வந்தவர் என் மேஜை முன்னால் நின்று, “வெள்ளி, சனி ரெண்டு நாளைக்கு லீவு ஃபாரம் குடு” என்றார்.

“உடம்புக்கு என்னக்கா?”

“உடம்புக்கு ஒண்ணுமில்லை. கடல்கிட்ட போய்த் தண்ணி கொதிக்க வைக்கப் போறேன்.”

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் நேராக ஸ்டாஃப் ரூமுக்குப் போய், எல்லா டீச்சர்களும் உட்கார்ந்திருக்க, சம்பந்தம் சாரிடமே கேட்டார். “சார், நான் லேப்ல இருந்து ரெண்டு தெர்மாமீட்டர் எடுத்துட்டு மெட்ராஸ் போறேன். ரிஜிஸ்டர்ல எழுதிக் கையெழுத்து போட்டுத்தான் எடுக்கறேன். சனிக்கிழமை பத்து மணிக்கு நான் அங்கே கொதிக்க வைக்கறேன், நீங்க இங்கே கொதிக்க வைங்க. ஒரே தண்ணி, ஒரே கடைத் தெர்மாமீட்டர். என்ன வருதுன்னு போன்ல சொல்லிக்கலாம். அங்கேயும் தொண்ணூற்றெட்டு வந்தா நான் தப்பு. மெமோவுல கையெழுத்து போட்டு, வேலையையும் விட்டுடறேன்.”

சம்பந்தம் சார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். “சரிங்கம்மா. பத்து மணி” என்றார்.

ராயபுரத்தில் அக்காவின் சித்தி மகள் ஸ்டெல்லா இருந்தார். கடலிலிருந்து நாலு தெரு தள்ளி வீடு. தெர்மாமீட்டர்களைத் துணியில் சுற்றி, பழைய பென்சில் டப்பாவில் பஞ்சு திணித்து வைத்து, அதை மடியிலேயே வைத்துக்கொண்டு அக்கா சார்மினார் எக்ஸ்பிரஸில் போனார். பேட்டரிக் கடையில் வாங்கிய காய்ச்சி வடித்த தண்ணீர் இரண்டு கேன். ஒன்று லேபில் சாருக்கு, ஒன்று கைப்பையில். தண்ணீர் வேறே என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது. தேவசகாயம் அண்ணன், “பைத்தியம்னு சொல்வாங்க” என்று ஸ்டேஷன் வரை சொல்லிக்கொண்டே வந்தாராம். வந்து, பெட்டியிலும் ஏறிவிட்டாராம். டிக்கெட் இரண்டு பேருக்கும் எடுத்திருந்தார்.

சனிக்கிழமை பள்ளி அரை நாள். பத்து மணிக்கு லேபில் சம்பந்தம் சார், நான், விஷயம் கேள்விப்பட்டு வந்த ஐந்தாறு டீச்சர்கள். சார் பீக்கரை ஏற்றிவிட்டு, செல்போனை ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தார். அங்கே ஸ்டெல்லா வீட்டுக் கேஸ் அடுப்பின் சத்தம் கேட்டது. பின்னால் மீன்காரி கூவுவதும் கேட்டது.

“டோரிஸம்மா, தெர்மாமீட்டர் குமிழ் பாத்திரத்து அடியில படாம பிடிங்க.”

“சார், அதை எனக்குச் சொல்றீங்களா?”

டீச்சர்கள் சிரித்தார்கள். எங்கள் பீக்கரில் சின்னச் சின்னக் குமிழிகள் அடியிலிருந்து எழும்ப ஆரம்பித்தன. எண்பத்தைந்து. தொண்ணூறு. அந்தப் பக்கம் அக்கா வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார். இரண்டு ஊர் எண்களும் கொஞ்ச தூரம் சேர்ந்தே போயின. எங்களுடையது தளதளவென்று கொதித்து நின்றது.

“இங்கே நின்னுடுச்சு” என்றார் சார். “தொண்ணூத்தெட்டு.”

“இங்கே இன்னும் நிக்கலை” என்றது போன்.

கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், நிமிஷம் நகரவே இல்லை.

“தொண்ணூத்தொம்போது... ஏறுது சார். ஏறுது... இதோ, இப்பதான் நல்லாக் கொதிக்குது. ரெண்டு தெர்மாமீட்டரும் ஒரே இடம்.”

“எவ்வளவு? நூறா?”

“நூறுன்னு சொன்னா உங்களுக்குச் சந்தோஷமா இருக்கும். சொல்ல மாட்டேன். நூறு கோட்டுக்கு ஒரு நூல் கீழே நிக்குது. அப்படியே எழுதிக்குங்க.”

சம்பந்தம் சார் எழுதிக்கொண்டார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். “பன்னிரண்டு வருஷம் கடற்கரையில இருந்தேன். அழுத்தம் குறைஞ்சா கொதிநிலை குறையும்னு வருஷா வருஷம் போர்டுல எழுதிப் போட்டேன். இந்த ஊருக்கு வந்து ஒரு தடவைகூட யோசிக்கலையே” என்றார். எங்களிடம் சொன்னாரா, போனிடம் சொன்னாரா தெரியவில்லை.

“டோரிஸம்மா, என்னை மன்னிச்சிடுங்க.”

“நீங்க வாயால சொல்லிட்டீங்க, போதும் சார். மேடம்கிட்டேர்ந்துதான் எழுத்துல வேணும்.”

திங்கட்கிழமை காலை, பிரேயர் முடிந்த கையோடு, சென்னைக்குப் போய் வந்த தெர்மாமீட்டர்களை மறுபடி லேபில் கொதிக்கவைத்து, தொண்ணூற்றெட்டைப் பார்த்து, சார் தன் கைப்பட ஒரு அறிக்கை எழுதினார். அவரும் அக்காவும் அதை எடுத்துக்கொண்டு மேடத்தின் அறைக்குப் போனார்கள். மேடம் படித்தார். மேஜை மேல் இருந்த பேப்பர் வெயிட்டைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

“சரி, விடுங்க. ஏதோ நடந்துபோச்சு. மறந்துடலாம்.”

“மறக்க முடியாது மேடம்” என்றார் அக்கா. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. “மெமோ எழுத்துல வந்தது, சீல் வச்சு. வாபஸும் அதே மாதிரி வரணும். என் ஃபைல்ல இருக்கணும். நான் தரமில்லாததை வாங்கினேன்னு எழுதின காகிதம் அங்கே தனியாக் கிடக்கக் கூடாது.”

“நான் பிரின்சிபால், டோரிஸ்.”

“ஹவ் மேடம். அதனாலதான் உங்ககிட்ட கேக்கறேன்.”

அன்று வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அக்கா தினமும் மதியம் சாப்பாட்டு மணி அடித்ததும் மேடத்தின் அறை வாசலில் வந்து நின்றார். சத்தம் போடவில்லை, சண்டை போடவில்லை. அடுத்த மணி அடிக்கும்வரை நிற்பார், போய்விடுவார். கட்டணம் கட்ட வருகிற பெற்றோர்கள் என்ன என்று கேட்பார்கள். அக்கா விவரமாகச் சொல்வார், அதுவும் அவரவர் மொழியில். பக்கத்திலிருந்த பெரிய எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலை எஞ்சினியர்களின் பிள்ளைகள்தான் பாதிப்பேர். ஒன்பதாம் நாள் அப்படி ஒரு எஞ்சினியர் உள்ளே போய், “மேடம், அந்தம்மா சொல்றது சரி. எங்க லேப்லயும் அப்படித்தான்” என்று ஆங்கிலத்தில் சொன்னது கதவு வழியாக எனக்குக் கேட்டது. அவர் போனதும் மேடம் மணியை அடித்து என்னைக் கூப்பிட்டார். இரண்டே வரி. மெமோ திரும்பப் பெறப்படுகிறது, குற்றச்சாட்டு ஆதாரமற்றது. என் டைப்பிஸ்ட் வாழ்க்கையில் அவ்வளவு வேகமாக நான் எதையும் அடித்ததில்லை.

இன்ஸ்பெக்‌ஷனுக்கு வந்தவர் ரெக்கார்டு நோட்டுகளைப் புரட்டினார். முதல்முறையாக அத்தனையிலும் தொண்ணூற்றெட்டு. “என்ன இது?” என்று கேட்டார். சம்பந்தம் சார் வாய் திறப்பதற்குள், “நீங்களே ஒரு பீக்கர் வச்சுப் பாருங்க சார்” என்று அக்கா தெலுங்கில் சொல்லி, பர்னரையும் பற்றவைத்துவிட்டார். அவர் பார்த்தார். அடுத்த மேஜைக்குப் போனார். பள்ளிக்கு அங்கீகாரம் கிடைத்தது. எதனால் என்று யாருக்குத் தெரியும்.

அக்காவுக்குச் சம்பளமோ பதவியோ உயரவில்லை. மேடம் மாற்றலாகிப் போகும்வரை அவரிடம் நேருக்கு நேர் பேசவில்லை. 2010-ல் இன்னொரு நிர்வாகம் வந்தது. லேபில் பாதியை எடுத்து ஸ்மார்ட் கிளாஸ் போட்டார்கள். பர்னரும் பீக்கரும் வேண்டாம், வெள்ளைத் திரையில் எல்லாம் தெரியும் என்றார்கள். முதல் நாள் திரையில் பனிக்கட்டி உருகியது, தண்ணீரானது, கொதித்தது. பக்கத்தில் வரைந்திருந்த தெர்மாமீட்டர் விறுவிறுவென்று ஏறி நூறில் நின்றது. பின்வரிசையில் நின்றிருந்த அக்கா, “தப்பு” என்று சத்தமாகச் சொன்னார். வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அன்று மத்தியானம் என் மேஜைக்கு வந்தார். அந்தப் படத்தைத் தயாரித்த கம்பெனிக்குக் கடிதம் எழுத வேண்டும், அடித்துத் தா என்றார். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். பதில் இல்லை. அடுத்த மாதம் ஒன்று. அதற்கும் இல்லை. “மூணாவது அடி” என்றார். அவருக்கு அப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஓய்வுக்குச் சில வருஷம்தான் இருந்தது. “விடுங்களேன்கா” என்றேன்.

“கைக்கு விடணும்? அட்ரஸைப் பாரு.”

பார்த்தேன். பெங்களூரு.

“அது நம்மளைவிட மேட்டுல இருக்கற ஊர். அந்த ஊர் ஸ்டேஷன் போர்டை ரயான் கம்ப்யூட்டர்ல காட்டினான். அடி புஷ்பா: ‘ஐயா, உங்கள் ஊரில் தண்ணீர் தொண்ணூற்றேழிலேயே கொதித்துவிடும். தயவுசெய்து ஒரு தடவை அடுப்பில் வைத்துப் பாருங்கள்.’”